நிலைப்பொருள்

முதுகைத் திருப்பிப் பார்த்தேன்.
சீட்டில் எழுத்து தேய்ந்து
கடைசி எண் ஆறா எட்டா என்று
டார்ச்சைச் சாய்த்தும் நிமிர்த்தியும்
சொல்ல மறுத்தது.

ஆறுக்கு ஒரு கோப்பு. எட்டுக்கு ஒரு கோப்பு.
ஆறினுடையதை எட்டுக்குக் கொடுத்தால்
கல்லாகிவிடும் என்றது குறிப்பு.
இல்லை, அப்படிச் சொல்லவில்லை,
‘உத்தரவாதம் பொருந்தாது’ என்று
நாசூக்காகக் கை கழுவியிருந்தது.
கல்லானால்
மிதித்து எழுப்ப யார் கால் வரும்?
தண்டர் பே. ஜனவரி. மைனஸ் முப்பத்தொன்று.
எல்லார் காலும் பூட்ஸுக்குள்.

அடகுக்கடையில் எழுபது டாலருக்கு வாங்கியது.
மூடினால் தூங்கும்,
தூங்கினால் எழாது.
மூன்று வாரமாக மூடாமலே வைத்திருக்கிறேன்,
பேக்கரியில் இரவு வேலை முடிந்து வந்தால்
சமையல் மேடையில்
இமையில்லாத மீன்போலப் பார்க்கிறது.

ஃபர்ம்வேருக்கு யாரோ தமிழில்
நிலைப்பொருள் என்று பெயர் வைத்திருக்கிறார்.
நிலையானதென்றால் ஏன் ஐயா மாற்றச் சொல்கிறீர்கள்?
மாறுவதென்றால் அதென்ன நிலை?
ஒருவேளை வாசல் நிலையைச் சொல்கிறாரோ,
கதவை மாற்றலாம், பூட்டை மாற்றலாம்,
அதில் கை வைத்தால்
சுவரே ஒருமுறை யோசிக்கும்.

பேட்டரியைக் கழற்றினேன்.
அதன் அடியில்
வெயிலும் விரலும் படாத இன்னொரு சீட்டு.
எட்டு.
நேற்று அச்சடித்த மாதிரி எட்டு.

அத்தோடு முடியவில்லை.
இருப்பது நான்காம் பதிப்பு, வேண்டியது இருபத்தேழு,
நேரே தாவக்கூடாதாம்,
பதினைந்தில் ஒருமுறை கால் ஊன்ற வேண்டுமாம்.
அந்தப் பதினைந்தை மட்டும் எடுத்துவிட்டார்கள்.
ஆங்கிலப் பட்டியலில் இல்லை.
பிரெஞ்சில் இல்லை.
போர்ச்சுகீசியப் பட்டியலில்
எடுக்க மறந்திருந்தார்கள்.
எங்கோ ஒரு சோம்பேறிக்கு
விடியற்காலை நாலு மணிக்கு
கும்பிடு போட்டேன்.

‘நடுவில் மின்சாரம் நிற்கக்கூடாது.’
படித்ததும் தலைக்கு மேலே டிரையர் உருண்டது.
இந்த வீட்டில் டிரையரும் என் ஹீட்டரும் ஒன்றாக ஓடினால்
ஃப்யூஸ் பெட்டி டப்பென்று தீர்ப்புச் சொல்லும்.
பேட்டரி பதினொரு சதவீதம்,
வாங்கிய நாளிலிருந்து பதினொன்று.

ஹீட்டரை அணைத்தேன்.
மாடிப்படி ஏறி அய்லா லெஹ்டினனின் கதவைத் தட்டினேன்.
வாடகை பாக்கி இல்லாதபோது
அவள் கதவை நான் தட்டுவது இதுதான் முதல்முறை.
“பதினாலு நிமிடம், துணி காயாமல் இருக்கட்டும்” என்றேன்.
ஏன் என்றாள்.
கணினி சாகாமல் இருக்க என்றேன்.
ஈரத் துண்டுகளைக் கையில் அள்ளிக்கொண்டு
ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டரோடு
பின்னாலேயே இறங்கி வந்துவிட்டாள்.

கறுப்புத் திரை. வெள்ளைக் கோடு.
அழிக்கிறேன் என்றது.
எழுதுகிறேன் என்றது.
அறுபத்திரண்டில் நின்றது.
எங்கள் மூச்சு புகையாகத் தெரிந்தது.
அவள் துண்டிலிருந்து ஒரு சொட்டு
என் சாக்ஸில் விழுந்தது, நான் காலை நகர்த்தவில்லை.
அறுபத்திரண்டு.
அறுபத்திரண்டு.
“என் கணவரின் ஸ்கேனும் இப்படித்தான் நின்றது” என்றாள்,
பிறகு என்ன ஆயிற்று என்று கேட்க வாயெடுத்தேன்,
அறுபத்து மூன்று.

இரண்டாம் முறை எழுந்தபோது
இன்று என்ன தேதி என்று அது எங்களைக் கேட்டது.
எனக்கு ராத்திரியும் பகலும் குழம்பிய கணக்கு.
அய்லாதான் சொன்னாள், கிழமையோடு.

மூடினேன்.
குழந்தை தூங்கும் அறையில் போல
இருவரும் பேசவில்லை.
திறந்தேன்.
வெளிச்சம்.
“அவ்வளவுதானா?” என்றாள்.
அவ்வளவுதான்.

அவள் போனபின் மேலே டிரையர் உருண்டது.
விளக்கு ஒருமுறை மங்கி
மனம் மாறி எரிந்தது.
நான் மூடினேன்.
அவசியமே இல்லை,
திறந்தேன்.